அடால்ஃப் என்ற பெயர் செய்த குற்றம் என்ன?

அடிடாஸும் பூமாவும் அண்ணன் தம்பி சண்டையில் பிறந்த கம்பெனிகள் என்பது வணிகவியல் மாணவர்கள் பலருக்கும் தெரிந்த கதைதான். ஜெர்மனியில் ஹெர்ட்சோகெனாவ்ராக் என்ற சின்ன ஊரில் ஒன்றாக ஷூ தைத்து விற்ற டாஸ்லர் சகோதரர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிந்தார்கள். அண்ணன் 1948-ல் பூமாவைத் தொடங்கினார். தம்பி 1949-ல் அடிடாஸைப் பதிவு செய்தார். அண்ணன் பெயர் ருடால்ஃப். தம்பி பெயர்? அடால்ஃப்! அவருடைய செல்லப்பெயர் அடி. அந்த 'அடி'யும் டாஸ்லரில் உள்ள 'டாஸ்'ஸும் சேர்ந்துதான் அடிடாஸ். (தமிழில் அடி என்றால் பாதம் என்றும் பொருள் வருவது தற்செயல்தான், ஆனால் ஷூவுக்கு என்ன பொருத்தம்!)

ஒரே வீட்டில் வைத்த இந்த இரண்டு பெயர்களில் ருடால்ஃப் இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் அடால்ஃப் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்க ஜெர்மனியில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு ஆள். ஆனால் அந்த ஆளுக்கு முன்னால் அந்தப் பெயருக்கு ஆயிரம் வருடக் கதை இருந்ததே, அதை என்ன செய்வது?

முதலில் பொருளைப் பார்ப்போம். பழைய ஜெர்மானியப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கோர்த்துச் செய்தவை. நம்மூரில் தமிழ்ச்செல்வன், தமிழரசி என்று கோர்ப்பது போலத்தான். 'அடல்' என்றால் மேன்மை, உயர்குடி. 'வுல்ஃப்' என்றால் ஓநாய். அடல்வுல்ஃப் என்பதுதான் தேய்ந்து அடால்ஃப் ஆனது. மேன்மை மிக்க ஓநாய்! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கால ஜெர்மானியர்களுக்கு ஓநாய் போர்க்களத்து வீரத்தின் அடையாளம்.

சுவாரசியம் இதன் சொந்தக்காரர்களில் இருக்கிறது. அதே 'அடல்' உடன் 'ஒளி' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தால் அடல்பெர்ட். அது சுருங்கினால் ஆல்பர்ட். அடெல்ஹைட் என்ற பெண் பெயரிலிருந்து அடிலெய்ட், ஆலிஸ், ஹைடி எல்லாம் வந்தன. ஓநாய்ப் பக்கம் போனால் ருடால்ஃப் (புகழ் மிக்க ஓநாய்), வுல்ஃப்காங், ரால்ஃப் என்று இன்னொரு கூட்டம். அதாவது ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் பெயரின் முன்பாதியையும், எஞ்சின் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் பெயரின் பின்பாதியையும் ஒட்டினால் கிடைப்பது அடால்ஃப்!

நாட்டுக்கு நாடு வடிவமும் மாறுகிறது. லத்தீனில் அடால்ஃபஸ். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் அடால்ஃபோ. நெதர்லாந்தில் சுருக்கமாக டால்ஃப். பெண்ணாக இருந்தால் அடால்ஃபீன். 9-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெசெக்ஸை ஆண்டவரும் மகா ஆல்ஃபிரெடின் அப்பாவுமான மன்னர் ஏத்தல்வுல்ஃபின் பெயரும் இதே இரண்டு சொற்களால் ஆனதுதான்.

இந்தப் பெயரைச் சுமந்தவர்கள் யார் யார்? 1611 முதல் 1632 வரை ஸ்வீடனை ஆண்டு போர்க்களத்தில் உயிர்விட்ட மன்னர் குஸ்தாவ் அடால்ஃப். 1846-ல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கிய பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ். நீலச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, 1905-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அடால்ஃப் ஃபான் பேயர். யூதர்களும் இந்தப் பெயரை ஆசையாக வைத்துக்கொண்டவர்கள்தான். 1896-ல் நியூயார்க் டைம்ஸை வாங்கிய அடால்ஃப் ஆக்ஸும், பாரமவுண்ட் படக் கம்பெனியை வளர்த்த அடால்ஃப் சூக்கரும் யூதர்களே.

அப்புறம் வந்தது 1889. ஆஸ்திரியாவின் பிரவுனாவ் ஊரில் ஒரு அடால்ஃப் பிறந்தான். பெயரின் பொருள் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. 1920-களில் 'வுல்ஃப்' என்ற புனைபெயரில் ஊர் சுற்றினான். போர்க்காலத் தலைமையகம் ஒன்றுக்கு 'ஓநாய்க் கோட்டை' என்று பெயர் சூட்டினான். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றுவிட்டு 1945-ல் செத்துப்போனான். கூடவே அந்தப் பெயரும் செத்தது. அரசாங்கம் தடை எதுவும் போடவில்லை. பெற்றோர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தது தப்பா? இல்லவே இல்லை. பெயரின் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை, கேட்பவர் காதிலும் இருக்கிறது. வதை முகாமில் குடும்பத்தையே இழந்த ஒருவரிடம் போய் 'இதற்கு மேன்மை மிக்க ஓநாய் என்று அர்த்தம்' என்று விளக்கம் சொல்ல முடியுமா? அந்தச் சுமையை ஒரு கைக்குழந்தை தலையில் ஏற்றுவதும் நியாயம் இல்லை. 2010-ல் பிரான்சில் 'முதற்பெயர்' என்று ஒரு நாடகம் வந்தது. 2012-ல் படமாகவும் ஆனது. பிறக்கப்போகும் மகனுக்கு அடால்ஃப் என்று பெயர் வைக்கப்போவதாக ஒருவர் விளையாட்டாகச் சொல்ல, விருந்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் சண்டையில் இறங்குகிறது. நகைச்சுவைதான், ஆனால் அந்தப் பெயரில் இன்னும் ஆறாத காயம் இருப்பதால்தான் அந்தக் கதை ஓடியது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யூத இன அழிப்பை முன்னின்று நடத்திய ஹிம்லரின் பெயர் ஹைன்ரிச். ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி ருடால்ஃப் ஹெஸ். ஸ்டாலினும் ஜோசப், கோயபல்ஸும் ஜோசப். அந்தப் பெயர்கள் எல்லாம் தப்பித்துக்கொண்டன. ஏன்? ஜோசப்களும் ஹைன்ரிச்களும் ஏராளம் என்பதால் எந்தக் கொலைகாரனாலும் அந்தப் பெயரைத் தனக்கே உரியதாக்க முடியவில்லை. அடால்ஃப் அவ்வளவு பரவலான பெயர் இல்லை. ஒருவனே ஏகபோகமாகப் பிடித்துக்கொண்டான். வணிகவியல் பாஷையில் சொன்னால், மோனோபாலி!

போட்டி இருந்த இடத்தில் நடந்ததைப் பாருங்கள். ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்த பிறகு, 1977-ல் சுதந்திரமான தேர்தலை நடத்தி, அதில் வென்று ஜனநாயகத்துக்கு வழி திறந்த பிரதமர் அடால்ஃபோ சுவாரஸ். 2014-ல் மாட்ரிட் விமான நிலையத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மனித உரிமைக்காகப் போராடி, 1980-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அடால்ஃபோ பெரெஸ் எஸ்கிவெல். நாஜிகள் பிடியில் இருந்த பாரிஸில் போலி அடையாள அட்டைகள் செய்து ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய இளைஞன், அவனும் ஒரு யூதன், பெயர் அடால்ஃபோ காமின்ஸ்கி! ஸ்பானிஷ் காதுக்கு அந்தப் பெயர் ஒரே ஆளை நினைவூட்டுவதில்லை.

தூரமும் ஒரு காரணம். நம் கல்லூரிகளில் கண்டிப்பான எச்.ஓ.டி.க்கு 'ஹிட்லர்' என்று பட்டம் கட்டுவது சர்வ சாதாரணம். காயம் படாத ஊரில் பெயர் வெறும் கேலி ஆகிவிடுகிறது. ஒரு காலத்தில் ஜெர்மனியின் காலனியாக இருந்த நமீபியாவில், 2020-ல் ஒருவர் உள்ளூர்த் தேர்தலில் ஜெயித்தார். அவர் பெயர் அடால்ஃப் ஹிட்லர் உவுனோனா. அப்பா விவரம் தெரியாமல் வைத்த பெயர் என்றார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவரை வேடிக்கைச் செய்தி ஆக்கின. அவர் செய்த தப்பு என்ன? பிறந்ததுதான்!

பெற்றோர் இந்தப் பெயரைத் தவிர்க்கட்டும், அது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் ஏற்கெனவே அந்தப் பெயரோடு வாழ்பவரைப் பார்த்து முகம் சுளிப்பது மரியாதை அல்ல, சோம்பேறித்தனம். ஹிட்லர் எத்தனையோ பேரின் வீட்டையும் சொத்தையும் உயிரையும் பறித்தான். ஆயிரம் வருடப் பெயர் ஒன்றையும் அவன் பேருக்கே பட்டா எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பொதுச் செலவு வளர்வதைப் பற்றிப் பொருளாதாரத் தாளில் 'வாக்னர் விதி' என்று ஒன்று வரும். அதைச் சொன்ன ஜெர்மன் பேராசிரியரின் முழுப்பெயர் அடால்ஃப் வாக்னர். 1835-ல் பிறந்தவர், 1917-லேயே இறந்தும் போனவர். பாடம் நடக்கும்போது அந்தப் பெயரைக் கேட்டு பின் பெஞ்சில் யாராவது கையை நீட்டி சல்யூட் அடித்தால், அவருக்கு இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.