புலியும் ஆகுக, ஆடும் ஆகுக

சிறார்க்கு எந்தப் பலகை விளையாட்டு ஏற்றது எனப் பெற்றோர் நம்மை வினவுவதுண்டு. பரமபதம் நன்றே, ஆயினும் அதில் ஏற்றமும் இறக்கமும் பகடை இட்ட வழி. பிறர் நிலையில் தம்மை நிறுத்திப் பார்க்கப் பழக்குவது நம் முன்னோர் தந்த ஆடுபுலி ஆட்டமே என்போம்.

அதில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி, ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. கூடி நின்று புலிகளை அசையவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

பிள்ளைகள் எல்லாரும் புலியாகவே விரும்புவர். ஆடாக அமர்ந்தால் தோல்விதான் என அழுத சிறுவனைக் கண்டோம். அவனே 3 புலிகளையும் அடைத்த நாளில் முகம் மலர்ந்ததையும் கண்டோம். ஆகவே, ஓர் ஆட்டத்தில் புலியானவர் மறு ஆட்டத்தில் ஆடாக வேண்டும் என விதி வகுத்தல் நலம். எளியோர்க்கு ஒற்றுமையே வலிமை என்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதிதன்று. வலியோரும் அதனை உணர்தல் வேண்டும்.

இதற்குப் பொருட்செலவு இல்லை. தரையில் சுண்ணக்கட்டிக் கோடு, 3 கூழாங்கற்கள், 15 ரப்பர் கொட்டைகள் போதும்.

ஆயர் தாவார் பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை புலியாகட்டும். நீங்கள் ஆடாக அமருங்கள். நாளை மாறி அமருங்கள்.