ஆண்டாளும் அம்பாளும்: வணிகச் சின்னச் சட்டத்தில் மொழி படும் பாடு

புது தில்லி: மூக்குப்பொடி டப்பாவின் மீது எந்தத் தெய்வத்தின் பெயர் இருக்கலாம் என்ற கேள்வி ஒரு காலத்தில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் மூக்குப்பொடி விற்று வந்த நிறுவனம், "ஸ்ரீ ஆண்டாள்" என்ற பெயரை வேறொரு வணிகர் பதிவு செய்வதை எதிர்த்தது. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரின் வைணவத் திருமகள். அம்பாள் சிவபெருமானின் தேவி. தென்னாட்டு இந்துக்கள் இவ்விரு பெயர்களையும் ஒருபோதும் குழப்பிக் கொள்ள மாட்டார்கள் என்பது ஆண்டாள் தரப்பின் வாதம்.

தமிழர் எவருக்கும் நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை 1969-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குவோர் இந்துக்கள் மட்டுமல்லர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் வாங்குகின்றனர். சரக்கு தென்னிந்தியாவுக்கு வெளியிலும் விற்பனையாகிறது. அங்குள்ளவர்களுக்கு இவ்விரு சொற்களும் எந்தப் பொருளையும் தருவதில்லை. அவர்களிடம் மிஞ்சுவது ஓசை ஒன்றே. அந்த ஓசை இரண்டிலும் மிக நெருங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் சீட்டுகள் வேறுபடலாம், ஆனால் காதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். பதிவு மறுக்கப்பட்டது.

விந்தியத்தைத் தாண்டினால் சொல்லின் பொருள் உதிர்ந்து விடுகிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. டிரேட் மார்க் எனப்படும் வணிகச் சின்னம் தொடர்பான தகராறுகளில் மொழி வகிக்கும் இடத்தை இந்த அளவுக்குத் துலக்கமாகக் காட்டும் வழக்குகள் அதிகமில்லை.

இதற்கு முன்பே, 1962-இல், "அமிர்ததாரா", "லட்சுமண்தாரா" என்ற இரு மருந்துப் பெயர்கள் குறித்த வழக்கில் இதே திசையில் உச்ச நீதிமன்றம் சென்றிருந்தது. அமிர்தத்தின் தாரை வேறு, லட்சுமணனின் தாரை வேறு என்று பெயர்களைப் பிரித்துப் பொருள் பார்த்திருந்தது அலாகாபாத் உயர் நீதிமன்றம். கடைக்கு வரும் கிராமவாசி சொல்லாராய்ச்சி செய்து கொண்டிருக்க மாட்டார், முழுச் சொல்லின் ஓசையும் அரைகுறை நினைவுமே அவரை வழிநடத்தும் என்று அதை மாற்றியது உச்ச நீதிமன்றம். போட்டியாளரின் விற்பனையை முதல் நிறுவனம் நெடுங்காலம் பொறுத்துக் கொண்டிருந்தது என்ற காரணத்தால், "லட்சுமண்தாரா" உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிவு பெற்றது.

2001-இல் காடிலா என்ற பெயரையே தாங்கிய இரு மருந்து நிறுவனங்களுக்கிடையே "ஃபால்சிகோ", "ஃபால்சிடாப்" என்ற மலேரியா மருந்துப் பெயர்கள் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பொதுவான ஒரே மொழி இல்லாத, எழுத்தறிவற்றோர் பெரும் அளவில் உள்ள, ஆங்கிலம் அறிந்தோர் சிறு பகுதியினரே ஆன இந்த நாட்டில், இங்கிலாந்து நீதிமன்றங்களின் அளவுகோலை அப்படியே எடுத்தாள்வது கள நிலவரத்தைப் புறக்கணிப்பதாகும் என்று அப்போது உச்ச நீதிமன்றம் கூறியது. பெயரில் உள்ள ஓர் அசை மாறினால் உயிர் போகக்கூடிய துறையில் சொல்லப்பட்ட கருத்து இது.

நீதிமன்றங்கள் காதுக்குக் கொடுத்த இந்த இடத்தை நாடாளுமன்றமும் அங்கீகரித்தது. 1999 டிசம்பரில் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பதிவு பெற்ற சொல்லை வாயால் சொல்லிப் பயன்படுத்துவதும் உரிமை மீறலாகலாம் என்கிறது. ஆக, நம் சட்டத்தில் ஒரு பெயர் எழுத்தில் மட்டும் குடியிருக்கவில்லை, நாவிலும் குடியிருக்கிறது.

சீனத்தில் நிலைமை வேறு. ஃபைசர் நிறுவனம் வயாகரா மாத்திரைக்குத் தானே ஒரு சீனப் பெயரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் சீனப் பத்திரிகைகளும் மக்களும் அதை "வெய்கெ" என்றே அழைத்தனர். ஓசையில் ஓரளவு நெருக்கம், பொருளில் "மகத்தான அண்ணன்" என்ற குறும்பு. குவாங்சௌ நகர நிறுவனம் ஒன்று அந்தப் பெயரைத் தன்னுடையதாகப் பதிவு செய்ய முந்திக் கொண்டது. ஊடகங்கள் வைத்த பெயர் ஃபைசர் பயன்படுத்திய பெயராகாது என்று 2009-இல் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் கைவிரித்து விட்டது.

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் வழக்கு இன்னும் நுட்பமானது. அவரது பெயரைச் சீனர் "சியாவ்டான்" என்பர். அப்பெயரிலேயே விளையாட்டுப் பொருள்கள் விற்ற சீன நிறுவனத்தின் மீது அவர் 2012-இல் வழக்குத் தொடுத்தார். 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பில், சீனச் சித்திர எழுத்துகளில் அமைந்த 3 சின்னங்களின் வகையில் அவருக்கு வெற்றி. அதே ஒலியை ஆங்கில எழுத்துகளில் எழுதிய சின்னங்களில் தோல்வி. அந்த எழுத்துக்கோவையை அவருடன் மக்கள் இணைத்துப் பார்க்கவில்லை என்பது காரணம். ஒலி ஒன்று, எழுத்து இரண்டு, தீர்ப்பும் இரண்டு.

மக்கள் வைத்த பெயருக்கு இந்தியாவில் என்ன கதி? திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை நினைவுகூரலாம். மங்கிய விளக்கொளியில் மாலை நேரத்தில் மட்டும் விற்ற கடைக்கு ஊரார் சூட்டிய பெயர் அது. அதே சொல்லைச் சேர்த்துப் பதிவு பெற்ற மற்றொரு வணிகரின் மேல்முறையீட்டை 2015-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு தரும் உரிமையைவிட மேலானது என்பது அத்தீர்ப்பின் சாரம். சீனத்தில் முதலில் பதிவு செய்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. பாளையங்கோட்டையில் நிலைக்கும் உரிமை பெய்ஜிங்கில் நிலைக்கும் என்று நம் ஏற்றுமதியாளர் எண்ணினால் ஏமாந்து போவார்.

இத்தகைய ஏமாற்றத்தைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்றாகவே, 2013 ஜூலை 8 முதல் இந்தியா மாட்ரிட் உடன்பாட்டில் பங்கேற்றுள்ளது. இங்குள்ள விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து ஒரே மனுவில் பல நாடுகளில் பாதுகாப்புக் கோரலாம். ஆனால் இங்கு எந்த வடிவில் சின்னம் இருக்கிறதோ அதே வடிவில்தான் அங்கும் கோர முடியும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு இந்த வழியில் பாதுகாப்பு வேண்டுமென்றால், இங்கே தமிழ் எழுத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆங்கில வடிவத்தை மட்டும் பதிந்து வைத்திருப்பவர் தமிழ் வடிவத்தைக் கொண்டு செல்ல இயலாது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். 2017 மார்ச்சில் வெளியான வணிகச் சின்ன விதிகளில் 28-ஆவது விதி, இந்தி அல்லது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் சொற்கள் இருந்தால், அவற்றின் துல்லியமான ஒலிபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும் என்கிறது. சின்னம் எந்த மொழியைச் சேர்ந்தது என்றும் குறிப்பிட வேண்டும். இந்த விதியின் முன் தமிழுக்கும் சீனத்துக்கும் வேறுபாடு இல்லை; அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இருப்பதால் எந்தச் சலுகையும் கிடையாது. விதி பேசுவது மொழியை அல்ல, எழுத்தை. எனவே இந்தி போலவே தேவநாகரியில் எழுதப்படும் மராத்தியும் நேபாளியும் இதில் அகப்படாமல் நழுவிவிட இடமிருக்கிறது. தமிழும் வங்கமும் தப்ப வழியில்லை.

ஆமதாபாத் அலுவலகத்தில் இருக்கும் ஆய்வாளருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒலிபெயர்ப்புக் கேட்பதில் குற்றமில்லை. குற்றம் "துல்லியமான" என்ற சொல்லில் இருக்கிறது. வாழை, வாளை, வலை, வளை என்ற நான்கு தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலத்தில் எழுதினால் வி, ஏ, எல், ஏ, ஐ என்ற அதே ஐந்து எழுத்துகளே கிடைக்கலாம். ஒன்று மரம், ஒன்று மீன், ஒன்று மீனைப் பிடிப்பது, மற்றொன்று கையில் அணிவது. நேர்மாறாக, "கோபி" என்று தமிழில் எழுதிய ஒரே பெயரைக் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவிதமாகவும், தமிழ் எழுத்தை மட்டும் கற்ற அயலார் வேறு இரண்டு மூன்று விதமாகவும் ஒலிக்கலாம். வல்லினம் இடத்துக்கேற்ப ஒலி மாறும் இயல்புடையது. அதை ஆங்கில எழுத்தில் எப்படிப் பிடிப்பது என்று விதி சொல்லவில்லை.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதல்ல. தமிழ் அறியாத ஆய்வாளர் நம்ப வேண்டியது இந்த ஒலிபெயர்ப்பைத்தான். தமிழில் தெளிவாக வேறுபட்ட பெயர் ஆங்கில வடிவில் வேறொன்றுடன் மோதி ஆட்சேபத்துக்கு உள்ளாகலாம். தமிழில் மோதும் பெயர் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் கண்ணில் படாமல் பதிவாகலாம். பெரிய நிறுவனம் வழக்குரைஞரை வைத்துச் சமாளிக்கும். அப்பளமும் ஊறுகாயும் விற்கும் சிறு உற்பத்தியாளர் என்ன செய்வார்? மேல்முறையீடுகளை விசாரித்து வந்த, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் 2021-இல் கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றுவிட்டன. அங்கே அரசியல் சாசனத்தின் 348-ஆவது பிரிவின்படி, ழகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும்.

தில்லியில் மொழிச் சிக்கல் என்றால் இந்தித் திணிப்பு, ரயில் நிலையப் பலகை, தேர்வுத் தாள் என்றே நம் உறுப்பினர்களின் குரல் எழும்புகிறது. அவை தேவையானவையே. ஆனால் வணிகச் சின்ன விதிகளும் சட்டப்படி இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை. திருத்தம் கோர உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. துணைநிலைச் சட்டங்களை ஆராயத் தனிக் குழுக்களும் உண்டு. அவையில் வைக்கப்படும் தாள்களின் நீண்ட பட்டியலை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது இங்கு பணியாற்றும் நிருபர்கள் அனைவரும் அறிந்ததே.

தேவைப்படும் திருத்தமும் பெரிதல்ல. மூல எழுத்திலேயே ஒப்பிட்டுத் தேடும் வசதி, ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிபெயர்ப்புகளைப் பதிய அனுமதி, ஆட்சேபம் எழும்போது அம்மொழி அறிந்த அலுவலரின் கருத்து ஆகிய மூன்றும் போதும். இவற்றுக்காகச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகம் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபின், அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் முடிந்தது.