மாண்டவர்களுக்காகப் பேசிய பேனா

அந்தக் காலத்து நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்வது லேசான காரியம் அல்ல. ஜன்னல் கிடையாது. வெயில் கிடையாது. எதிரிக் கப்பல் தலைக்கு மேலே போகும்போது மூச்சு விடவும் பயம். சிறு சத்தமும் உயிரைப் பறிக்கும்.

அந்த வேலையை விரும்பிச் செய்தவர் எட்வர்ட் பீச். 1918-ல் பிறந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி. இவருடைய தந்தையும் கடற்படை அதிகாரிதான். கதைகளும் எழுதியவர்.

இரண்டாவது உலகப் போரில் பீச் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் 'டிரிக்கர்' என்ற நீர்மூழ்கியில் இருந்தார். 1944-ல் வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானியர் தாக்குதலில் டிரிக்கர் அழிந்தது. அதில் இருந்த ஒருவர்கூடக் கரை திரும்பவில்லை.

பீச் பிழைத்தார். பேனாவை எடுத்தார். 1952-ல் வந்த அவரது முதல் புத்தகம் டிரிக்கரின் கதையைச் சொன்னது. 1955-ல் வந்த 'ரன் சைலன்ட், ரன் டீப்' நாவல் பெரும் புகழ் பெற்றது. 1958-ல் சினிமாவாகவும் வந்தது.

1960-ல் 'டிரைட்டன்' என்ற அணுசக்தி நீர்மூழ்கிக்குத் தலைவராக இருந்து, சுமார் 61 நாட்களில் கடலுக்கு அடியிலேயே உலகைச் சுற்றினார். வழியில் ஒரு மாலுமிக்குக் கடும் நோய். பீச் தயங்கவில்லை. கப்பலைத் திருப்பினார். நோயாளியை வேறு கப்பலில் ஏற்றிவிட்டே பயணத்தைத் தொடர்ந்தார்.

2002-ல் பீச் காலமானார். அவர் எழுதியவை இருக்கின்றன. ஆபத்தைக் கண்டு மீண்டவர்கள் வாய் திறக்காமல் போய்விட்டால், மாண்டவர்களின் வீரத்தை யார் சொல்வது? பிழைத்தவருக்கு அது ஒரு கடன். பீச் அந்தக் கடனைத் தீர்த்தார்.