கருணைக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் வக்கீல்கள் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூடங்களை மிரட்டுகிறார்கள் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆலய ஆண்டு மலரில் மூன்று பக்கம் புலம்பியிருக்கிறார். நெய்யூர் கருணையின் மண்ணாம். இங்கே சட்டப் புத்தகத்துக்கு வேலையில்லையாம். சாட்சிக்கு சாமர்வெல் டாக்டரையும் இழுத்து வந்திருக்கிறார்.

அவரை விட்டுவிடுங்கள் சார். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், அதன்பின் நெய்யூருக்கு வந்து, மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வாழ்க்கையை உதறினார். உங்கள் கட்டுரையில் அப்படிக் காத்துக்கிடப்பவர்கள் எங்கே? நன்கொடையாளர் பெயர்கள் இருக்கின்றன, சக்கர நாற்காலி வழங்கிய படம் இருக்கிறது. அந்த நாற்காலி எந்த வகுப்பறைக்குள் போனது என்று ஒரு வரி இல்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பையன், ஏழாம் வகுப்பு. நல்ல மனசுள்ள ஒரு எச்.எம். அவனுக்காக வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்திருந்தார். ஜூன் மாதம் அவருக்கு டிரான்ஸ்ஃபர். அடுத்து வந்தவர் வகுப்பை மறுபடி மாடிக்கு ஏற்றிவிட்டார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, புத்தகப் பையைக் கழுத்தில் மாட்டி, தன் தோளுக்கு வளர்ந்த பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு ஏறினாள். 22 படி, நான் எண்ணினேன். நடுவில் கீழே இறக்கிவிட ஆளில்லை என்பதால் பையன் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “கேஸு ஒண்ணும் வேண்டாம் சாரே, கிளாஸக் கீழ போட்டுத் தந்தா மதி.”

இவளைத்தான் மிரட்டுகிறவள் என்கிறீர்கள். ஒரு பக்க மனு போனது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது, அதைக் குறிப்பிட்டிருந்தோம். ஒரு வாரத்தில் வகுப்பு இறங்கி வந்தது. கோர்ட் வாசலை யாரும் மிதிக்கவில்லை.

பரீட்சையில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம், போலிகள் புகுந்துவிடுவார்கள் என்பது உங்கள் அடுத்த கவலை. யுபிஎஸ்சியும் இதே பயத்தைச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார் என்ற தேர்வருக்கு, 40 விழுக்காடு ஊனம் இல்லை என்று எழுதுபவரை மறுத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, தேவையான வசதியை மறுப்பதே பாகுபாடு என்றது. விழுக்காட்டுக் கணக்கும் எடுபடவில்லை, யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்ற சந்தேகமும் எடுபடவில்லை. நீங்கள் படித்திருக்கலாம், ஓய்வில்தானே இருக்கிறீர்கள்.

வக்கீல்கள் காசு பார்க்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். நாகர்கோவிலில் அதற்கென்று மாவட்ட ஆணைக்குழுவே இருக்கிறது. பஸ் சார்ஜ் ஒன்றுதான் கைக்காசு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு உபதேசம்: பொறுமையாகக் கேட்டால் தானாகக் கிடைக்குமாம். மார்பை மறைக்கும் தோள்சீலை உரிமைக்காகப் பல ஆண்டு அடிவாங்கிய ஊர்க்காரர்களிடம் வந்து சொல்கிற பேச்சா இது? 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து அந்த உரிமையை அறிவித்தது யாருடைய பொறுமையாலும் அல்ல. அந்த அறிவிப்பிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. உங்கள் கருணைக்கும் அப்படி ஒரு வால் இருக்கிறது: பிள்ளை வரலாம், ஆனால் எதுவும் கேட்கக்கூடாது.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு இன்னொரு குடும்பம் போகிறது. மனு என் கையெழுத்தில்தான் இருக்கும். தூண்டிவிடுகிறவர்கள் பட்டியலை அடுத்த மலரில் போடுவதாக இருந்தால், என் பெயரைப் பிழையில்லாமல் போடுங்கள்.