கையெழுத்து உண்டு; கடமை எங்கே?

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் தோழர்களிடம் கேட்டுப் பாருங்கள். பின்னால் வருவதைக் காட்டக் கண்ணாடி இல்லை, நிறுத்தப் பிரேக்கும் இல்லை. அப்படி ஒரு வண்டியைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்புவீர்களா? அனுப்பினால் அது கொலைபாதகம் என்பார்கள். இந்தியா என்னும் பெரிய வண்டியை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது டில்லி சர்க்கார்! இனப்படுகொலைகளை நினைவில் நிறுத்த ஒரு தேசிய நிலையம் இல்லை. இனி நடவாமல் தடுக்க ஒரு சட்டமும் இல்லை.

மிகைப்படுத்துகிறோமா? கணக்கைப் பார்ப்போம். இட்லரின் கொலைக்களங்களில் 60 லட்சம் யூதர்கள் மாண்ட பிறகு, 1948 டிசம்பர் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1949-இல் கையெழுத்திட்டது. 1959-இல் அதை உறுதியும் செய்தது. தடுப்போம், தண்டிப்போம், அதற்கான சட்டம் இயற்றுவோம் என்பதே அந்த வாக்கு. 65 ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டம் எங்கே?

1984 நவம்பரில் டில்லித் தெருக்களிலேயே சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கே 2,733 பிணங்கள். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு டில்லி உயர்நீதிமன்றம் தண்டனை விதிக்க 34 ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பிலேயே, இனப்படுகொலை என்னும் குற்றம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அடைத்தார்களா? 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. அதற்கு வடமொழியில் பெயர் சூட்ட நேரம் இருந்தது; இனப்படுகொலைக்கு ஒரு பிரிவு எழுத நேரம் இல்லை!

எங்கோ டில்லியில் நடந்ததுதானே என்று எண்ண வேண்டாம். பரமத்திக்குப் போங்கள். தாரமங்கலத்தை அடுத்த குறுக்குப்பட்டிக்குப் போங்கள். 1983 ஜூலைத் தீயிலிருந்தும் அதன் பின் மூண்ட போரிலிருந்தும் தப்பிக் கடல் கடந்து வந்த ஈழத்தமிழரின் முகாம்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று நல்ல பெயர் கிடைத்தது. வந்தவர்கள் கண்டதை எழுதி வைக்க யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முதியவர் கண்மூடும்போதும் ஒரு சாட்சியம் சுடுகாட்டுக்குப் போகிறது.

2009-இன் இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் கூறியது. அவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுந்த முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னத்தை 2021 ஜனவரி 8 இரவில் இடித்தார்கள். மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; அதே ஆண்டில் சின்னம் மீண்டும் எழுந்தது. கல்லைக் கண்டு ஏன் இத்தனை நடுக்கம்? கல் பேசும் என்பதால்! மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் 2022-இல் ஏற்றது. பெருங்கடல்களுக்கு அப்பால் உள்ளவர்களுக்குக் கேட்ட குரல், பாக் நீரிணைக்கு இப்பால் உள்ள டில்லிக்குக் கேட்கவில்லை!

நினைவு நிலையம் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை மாலை போடும் மண்டபமா? அன்று, அன்று. ருவாண்டாவில் 1994-இல் நூறு நாட்களில் 8 லட்சம் பேருக்கு மேல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கத்திக்கு முன்னே சொல் வந்தது. அண்டை வீட்டானைக் கரப்பான்பூச்சி என்றது வானொலி. பூச்சி என்று சொல்லிப் பழகிய பிறகு நசுக்குவதற்குக் கை கூசவில்லை. இன்று கிகாலி நகர நினைவகத்தில் இரண்டரை லட்சம் பேர் துயில்கிறார்கள்; அந்தக் கதை அங்கே பிள்ளைகளுக்குப் பாடமாகிறது. இனப்படுகொலையை எதிர்க்கவென்றே ஒரு தேசிய ஆணையத்தை அமைத்தது அந்தச் சின்னஞ்சிறு நாடு. 2021-இல் அந்தப் பணியை ஓர் அமைச்சகத்திடமே ஒப்படைத்தது.

அத்தகைய நிலையம் இங்கே வேண்டும் என்கிறோம். மாண்டவர் பெயரைப் பதிய வேண்டும். பிழைத்தவர் வாக்குமூலத்தைக் காக்க வேண்டும். மேடையில் ஒருவன் இன்னொரு மக்களைப் பூச்சி, புழு என்று பேசத் தொடங்கும் நாளிலேயே அபாயச் சங்கு ஊத வேண்டும். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். ஆளுங்கட்சியின் கைப்பாவையாக அது இருத்தல் ஆகாது. நம் கட்சியே ஆண்டாலும் ஆகாது!

ஆம், கண்ணாடி நம் முகத்தையும் காட்டும். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் கருகின. கோட்டையில் அன்று நம் இயக்கத்தின் ஆட்சி. சட்டப்படி அது இனப்படுகொலை ஆகாது என்று வழக்கறிஞர் வாதிடலாம். ஆனால் சேரி மகன் தன்னைப் போன்ற மனிதன் அல்லன் என்று எண்ணிய நெஞ்சுதானே தீ வைத்தது? அதையும் அந்த நிலையத்தின் சுவரில் எழுதட்டும். தலை குனிந்து படிப்போம்.

கூலிக்கும் போனசுக்கும் போராடும் தொழிலாளிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எரிந்தது யார் வீடு என்று பாருங்கள்! டில்லியில் பிணம் குவிந்தது திரிலோக்புரியின் ஏழைத் தெருக்களில். இலங்கையில் 1977-லும் 1983-லும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் அடிபட்டு ஓடினான். வெறி மூட்டுகிறவன் மாளிகையில் இருக்கிறான். வேகிறவன் குடிசையில் இருக்கிறான்.

ஆகவே தோழர்களே, தறிக்கூடத்திலும் சேகோ ஆலையிலும் லாரிப் பட்டறையிலும் இதைப் பேசுங்கள். கிளைக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். முகாமுக்குச் சென்று பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். டில்லி விழிக்கும்வரை அந்த நோட்டுப் புத்தகமே நமது நினைவகம். கையெழுத்துப் போட்ட கரம் கடமையைச் செய்யும்வரை கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!