கணினி தந்த படமும் கையாற் போட்ட கணக்கும்

தமிழாசிரியன் ஒருவன் பொறியியலைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் சிலர் நகைத்தல் கூடும். யான் ஆசிரிய கலாசாலையிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றவன். கட்டடக் கலையிற் பட்டம் பெற்றவனல்லேன். ஆயினும் என்னிடம் தமிழ் கற்றோர் பலர் இன்று பொறியியலாளராய் விளங்குகின்றனர். அவருள் ஒருவர், தெமட்டகொடையிலுள்ள என் இல்லத்துக்கு மடிக்கணினியுடன் வந்த ஒரு மாலைப்பொழுதே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடியில் நான்கு நீர்த்தொட்டிகளைத் தாங்குதற்கு இரும்புச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. தொட்டி ஒன்று 2,000 இலீற்றர் கொள்ளும். சட்டத்தைக் கணினியில் உருவமைத்து அதன் வலிமையைக் கணிக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. மென்பொருளோ, அமைப்பு நிலையற்றது என ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கையைக் காட்டி, விடை தர மறுத்துவிட்டது. இரு நாள் போராடிய பின் அவர் ஒரு வளையின் நடுவே தாங்கி ஒன்றை இட்டுப் பார்த்தார். எச்சரிக்கை மறைந்தது. நீலமும் பச்சையும் சிவப்புமாக அழகிய படம் ஒன்று திரையில் எழுந்தது. “ஐயா, இப்பொழுது சரியாகிவிட்டது” என்று மகிழ்ச்சியோடு அதனை எனக்குக் காட்டினார்.

எனக்குப் படம் விளங்கவில்லை. பாரமும் எண்ணும் விளங்கும். கீழ் வகுப்புகளிற் கணக்குக் கற்பித்த காலத்தில், விடையை முதலில் மதிப்பிட்டுக்கொண்டே கணக்கைச் செய்யவேண்டும் என்பதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியவன் யான். ஆதலால், “தம்பி, நீரின் எடை எவ்வளவு?” என்று கேட்டேன். எட்டுத் தொன், ஏறத்தாழ 80 கிலோநியூற்றன் என்றார். சட்டத்தின் தன்னெடையை அவர் அப்பொழுது சேர்த்திருக்கவில்லை. “நான்கு தூண்களின் அடியும் சேர்ந்து தாங்குவது எவ்வளவு?” அவர் கூட்டிப் பார்த்தார், 52 வந்தது. “எஞ்சிய 28 எங்கே போயிற்று?”

அவர் பேசவில்லை. அந்த 28 ஐயும் சுமந்து நின்றது அவர் நடுவிலே இட்ட தாங்கியே. மெய்யான கட்டடத்தில் அவ்விடத்தின் கீழே வெறும் வெளியன்றி வேறெதுவும் இல்லை. அக்கணக்கை நம்பித் தூண்களின் பருமனைக் குறைத்திருந்தால், தொட்டிகளின் கீழே குடியிருப்போர் கதி என்னாவது?

பின்னர் அவர் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தபோது உண்மைக் குறை வெளிப்பட்டது. வளையின் முனையும் தூணின் தலையும் ஒட்டியிருப்பன போலத் தோன்றின. ஆனால், இடையே ஒரு மில்லிமீற்றர் விலகல் இருந்தது. கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்தவை கணினிக்கு இரு வேறு கணுக்கள். அவற்றை இணைத்துப் பொய்த்தாங்கியை நீக்கியதும் விடையும் வந்தது. தூணடிகளின் கூட்டுத்தொகையும் 80 ஆயிற்று.

இம்முறையின் இயல்பை அவர் எனக்கு விளக்கியபோது நன்னூலே என் நினைவுக்கு வந்தது. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரித்து அறிகிறோம். அவ்வாறே இவர்களும் பெரியதொரு கட்டமைப்பைச் சிறு சிறு மூலகங்களாகப் பகுத்து, அவை கூடும் இடங்களைக் கணுக்கள் எனக் கொள்கின்றனர். 1956 இல் ரேர்ணர், கிளவ், மார்ட்டின், ரொப் என்னும் நால்வர் விமானச் சிறகுகளை ஆராயுமிடத்து இதற்கு வழிகாட்டினர். 1960 இல் கிளவ் இதற்குப் பெயரிட்டார். முடிவுள்ள மூலக முறை எனத் தமிழிற் கூறலாம். (விசையினால் ஒரு பொருள் அடையும் உருமாற்றத்தின் அளவையும் நம் பௌதிக நூல்கள் விகாரம் என்றே வழங்குகின்றன. அச்சொல்லைத் தேர்ந்தவர் இலக்கணம் கற்றவராகவே இருத்தல் வேண்டும்.) இரு சொற்கள் அடுத்து நிற்பதனால் மட்டும் புணர்ச்சி நிகழ்ந்துவிடாது, இரு மூலகங்கள் அருகே நிற்பதனால் மட்டும் இணைப்பு உண்டாகிவிடாது. இணைப்பற்ற அமைப்பின் சமன்பாடுகளைத் தாயமாக எழுதினால் அதற்கு நேர்மாறு கிடையாது. கணினி விடை தர மறுப்பது அதனாலேயே. அம்மறுப்பு பொறியின் பழுதன்று. ‘நீ எழுதிய கட்டடம் நில்லாது’ என்னும் உண்மை. அதனை வாயடைக்கும் வழி தேடுவது பேதைமை.

மறுப்புக் காட்டும் பிழையினும் மறுப்பின்றி நுழையும் பிழையே கொடியது. உருக்கின் யங்கின் மட்டு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 200,000 நியூற்றன். கிலோநியூற்றனும் மீற்றரும் வழங்கும் கணக்கிலே அதே எண்ணை மறதியாய் இட்டால், உருக்கு ஆயிரம் மடங்கு நெகிழ்ந்துவிடும். 5 மில்லிமீற்றர் வளையவேண்டிய வளை 5 மீற்றர் வளையும். படத்தைப் பார்த்து இதனைக் கண்டுபிடிக்கலாம் என்று எண்ணவேண்டா. வளைவு எத்துணையாயினும் அதனைத் திரைக்கு ஏற்ற அளவாக்கிக் காட்டுவது அம்மென்பொருள்களின் வழக்கம். படம் ஒன்றே, எண்ணைப் படித்தவனுக்கே வேறுபாடு தெரியும்.

நம்மவர் பலர் குடியேறி வாழும் நோர்வேயில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். வடகடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடைக்கென 24 அறைகளைக் கொண்ட மாபெரும் கொங்கிறீற்று அடித்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. சிலெய்ப்னர் ஏ என்பது அதன் பெயர். 1991 ஓகஸ்ட் 23 ஆந் திகதி, ஸ்தவாங்கர் நகரை அடுத்த கடற்கழியில் அதனை மெல்ல நீரில் இறக்கிச் சோதித்தபோது ஒரு சுவர் வெடித்தது. அடித்தளம் முழுவதும் ஆழ்ந்து நொறுங்கியது; அவ்வதிர்ச்சி 3 அளவு நிலநடுக்கமாகப் பதிவாயிற்று. இழப்பு 70 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. நல்லூழாக ஓர் உயிரும் போகவில்லை.

காரணம் என்ன? மூன்று வட்ட அறைகள் கூடுமிடத்தில் அமைந்த முக்கோண இடைவெளியின் சுவரைக் கணினியில் வகுத்தபோது வலையைப் பரும்படியாக இட்டிருந்தனர். குறுக்கே வெட்டும் விசை 47 வீதம் குறைத்துக் காட்டப்பட்டது. அதற்கேற்பச் சுவர் மெலிந்தது, உள்ளிருந்த கம்பியும் நீளங் குறைந்தது. விபத்துக்குப் பின் கவனமாகக் கணித்தபோது 62 மீற்றர் நீராழத்தில் அச்சுவர் உடையும் என விடை வந்தது. அஃது உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். கருவி குற்றமற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? வலையை ஒருமுறை இரு மடங்கு நுணுக்கி இட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு முன்னரே தெரிந்திருக்கும்.

இதன் பின்னே நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாற்று அடித்தளத்தைக் காலந்தாழ்த்தாது கட்டவேண்டியிருந்தமையால், இருபது ஆண்டுகளுக்கு முந்திய முறைப்படி கையாற் கணக்கிட்டே வடிவமைத்தனர். புதிய கணினி விடைகள் வந்து சேர்வதற்குள் வடிவமைப்பு முற்றும் முடிந்து, பெரும்பகுதி கட்டியும் ஆயிற்று. 1993 ஏப்ரிலில் அதன்மேல் மேடை ஏறியது.

கணினி வேண்டா என்று கூறுகிறேன் எனக் கொள்ளற்க. தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், 2021 இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்தின் வடங்கள் தெரியும். அத்தகைய பாலத்தைக் கையாற் கணக்கிட்டு முடிக்க எவரும் இக்காலத்தில் முற்படார். கருவியின் உள்ளேயும் நம்மவர் அறிவு உண்டு. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்த பேராசிரியர் அழகையா துரைராஜா, கேம்பிறிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட களிமண் ஆய்வு, இன்று மண்ணின் நெகிழ்வைக் கணிக்கும் மென்பொருள்களுக்கு அடிப்படையானவற்றுள் ஒன்று. அவ்வாறிருக்க, சதுப்பும் கால்வாயும் சூழ்ந்த கொழும்பிலே, கட்டடத்தின் அடி கற்பாறையிற் பதிந்தது போல அசையாத் தாங்கியை இட்டுவிட்டு அமைதி கொள்வோரை எவ்வாறு பாராட்டுவது?

விழா நினைவாகக் கணினிக் கூடம் ஒன்று அமைக்கவேண்டும் என்னும் பேச்சு நம்மிடையே உலவுகிறது. நன்று, அமையட்டும். ஆயின், இணைந்த கணிதம் கற்கும் நம் மாணவன் விசையையும் மறுதாக்கத்தையும் தமிழிலே கற்றுவிட்டு, பல்கலைக்கழகத்தில் அவற்றை ஆங்கில எச்சரிக்கையாகச் சந்திக்கிறான். பொருள் விளங்காமையால் எச்சரிக்கையைப் பகையாகக் கருதுகிறான். என் மாணவர்க்கு நேர்ந்ததும் அதுவே. அவர் அறிவிற் குறைந்தவரல்லர். ஆதலின், பொறியை இயக்குமுன் எதிர்பார்க்கும் விடையைத் தமிழிலே குறிப்பேட்டில் எழுதும் வழக்கத்தை அக்கூடத்தின் முதல் விதியாக்குமாறு கேட்கிறேன்: மொத்தப் பாரம் எவ்வளவு, எந்தத் தூண் எவ்வளவு தாங்கும், எங்கே மிகுதியாய் வளையும். மூன்று வரி போதும்.

பொறியியலாளரான பழைய மாணவர் இருவர், சனிக்கிழமை முற்பகல்களில் வந்து இதனைக் கற்பிக்க இசைந்துள்ளனர். நீர்த்தொட்டிச் சட்டத்துடன் வந்தவர் அவருள் ஒருவர். தம் பழைய பிழைக்கோப்பை அழியாது வைத்திருப்பதாகவும், முதற் பாடத்துக்கு அதனையே கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறார்.