இறங்காமல் போகிற உரிமை

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை நாம் எதிர்பார்ப்பவைதாம். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வது நிற்க வேண்டும். கொடுமை செய்கிற துரைகளையும் கிராணிகளையும் மாற்ற வேண்டும். இந்த வரிசையிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மேலாட்கள் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

கூலியை உயர்த்தினால் நிர்வாகத்துக்குச் செலவு. சைக்கிளிலிருந்து இறங்காவிட்டால் யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. ஆனாலும் நிர்வாகங்கள் அதை எளிதாக விட்டுக்கொடுக்கவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

கூலி போதாமல் தவித்தவர்கள் அந்தச் சைக்கிள் கோரிக்கையை ஏன் சேர்த்தார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். இறங்குவதோ ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பார்க்கிறது. அப்பா யாரைக் கண்டால் இறங்குகிறார், யார் அப்பாவைக் கண்டால் இறங்குகிறார்கள் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கற்றுக்கொள்கிறது. தன்மதிப்பைப் பற்றி யார் என்ன எழுதினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைதான்.

துரைமார் கப்பல் ஏறிப் பல காலம் ஆகிவிட்டது. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடுகள் வந்தன. நான் இருக்கிற ரஹாங்கில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் தாத்தா பாட்டி காலத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் வந்துவிடும். ஆனால் இறங்குகிற பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை.

அரசாங்கக் கவுண்டர் எதிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நம் வயசாளி ஒருவர் எண் வந்ததும் எழுந்து போவார். வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால், "மன்னிச்சுக்குங்க, நாங்க எஸ்டேட்டு ஜனம், ஒண்ணும் தெரியாது" என்பார். கேட்கப்போவது அவருடைய சொந்த ஈ.பி.எஃப். பணத்தைப் பற்றி. முப்பது வருஷம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசு. அதைக் கேட்பதற்கு முதலில் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. எதிரே இருக்கிற அதிகாரி மரியாதையாகவே பேசுவார், நாற்காலியைக் காட்டுவார். இவர் நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

இளையவர்களிடம் இது வேறு மாதிரி வருகிறது. கோலாலம்பூரில் வேலை நேர்காணலுக்குப் போன பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்டால் 'சிரம்பான்' என்று நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வகுப்பில் கேள்வி இருந்தாலும் கை தூக்காது. மலாய்மொழியில் ஒரு சொல் தவறிவிட்டால் அன்று முழுவதும் வாய் திறக்காது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பு மொழியைத் தேற்றுவதற்காக இருக்கிறது. கூடப் படித்தவன் முதல் படிவத்தில் இருக்க, தான் மட்டும் ஒரு வருஷம் தங்கிவிட்டோம் என்பதைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. தான் மக்கு என்று முடிவு கட்டிக்கொள்ளப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு போதுமான வயசு.

இதற்கு மருந்தாக இப்போது எங்கும் சொல்லப்படுவது, கண்ணாடி முன்னால் நின்று 'நான் சிறந்தவன்' என்று சொல்லிக்கொள்வது. பள்ளிக்கூடத்து ஊக்கமூட்டும் முகாம்களில் ஒலிபெருக்கியில் கத்தச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் கத்துகிறார்கள். அன்று சாயங்காலம் வரை முகம் மலர்ந்திருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1986-இல் தன்மதிப்பை வளர்ப்பதற்காகவே ஒரு பணிக்குழு அமைத்து, 1990-இல் பெரிய அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகளின் தன்மதிப்பை உயர்த்திவிட்டால் படிப்பு, குற்றம், போதை எல்லாம் சரியாகிவிடும் என்கிற எண்ணம் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. 2003-இல் ராய் பாமைஸ்டரும் வேறு சில உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தன்னைப் பற்றி உயர்வாக நினைப்பதால் மட்டும் மதிப்பெண் கூடுவதாகத் தெரியவில்லை. ஒன்றைச் செய்து தேறியதால் தன்னைப் பற்றிய எண்ணம் உயர்வதே அதிகம் என்று எழுதினார்கள். இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அம்மா பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். அத்தனை இருட்டில் போவதற்குக் காரணம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஒருவர் பங்குக்கு ஐந்நூறு மரம் வரை இருக்கும். ஒவ்வொரு மரத்திலும் சரிவாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பட்டையைச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். அப்படிப் பட்ட இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில வருஷம் கழித்து அங்கே வெட்டவே முடியாமல் போகும். ஆழமாகப் போவதற்கும் சரியாக வெட்டுவதற்கும் இடையில் இருக்கிறது ஒரு மில்லிமீட்டர். அதை அம்மா அரை வெளிச்சத்தில், கொசுக்கடியில், கையாலேயே தெரிந்து வைத்திருந்தார். கத்தி சீவும் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்: "அது காயம் பட்ட மரம், நம்ம வெட்டு இல்ல. போன வருஷம் வேற ஆளு வெட்டுனது."

மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. இத்தனைக்கும் நடுவில் அவர் மரங்கள் சுத்தமாக இருந்தன. தண்டல் புதிதாக வேலைக்கு வருபவர்களை அழைத்துக்கொண்டு வந்து அம்மா வெட்டிய பட்டையைக் காட்டுவாராம். இதை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை, பக்கத்து லயத்து அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மாவிடம் கேட்டால், "ஆமா, என்னத்த வெட்டுனோம், மரந்தான வெட்டுனோம்" என்று முடித்துவிடுவார். இந்த வேலையைத் தேர்ச்சி தேவைப்படாத உடலுழைப்பு என்று எழுதியவர்கள் உண்டு. அதை அம்மா படித்ததில்லை. படிக்காமலேயே நம்பியிருந்தார். எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இதில்தான். கையில் அவ்வளவு தேர்ச்சி இருந்தது, அது தேர்ச்சி என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

எனவே வீட்டில் நாம் செய்யக்கூடியது என்னவென்று என்னிடம் கேட்கும் பெற்றோர்களிடம் நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை செய்ததை, செய்ததாகவே சொல்லுங்கள். 'நீ கெட்டிக்காரன்' என்று பொதுவாகச் சொல்வதில் அவனுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'நேத்து மூணு இடத்துல தப்பு விட்ட கணக்க இன்னிக்கு ஒரே மூச்சுல போட்டுட்ட' என்றால் அவனுக்கு விஷயம் தெரியும், அதை அவனே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். தவறும்போதும் அப்படியே. கணக்குத் தப்பு என்று சொல்லலாம். பிள்ளையே தப்பு என்று சொல்லக் கூடாது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதை நான் வெறுக்கிறேன். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் அம்மா பிள்ளையைக் காட்டி, "இவனுக்கு ஒண்ணும் வராது, அக்கா பிள்ளைதான் நல்லாப் படிக்குது" என்பார். அடக்கமாகப் பேசுவதாக நினைத்துத்தான் சொல்கிறார். கண்ணேறு பட்டுவிடும் என்ற பயமும் இருக்கும். பிள்ளைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அம்மாவே வெளியாள் முன்னால் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் அதற்குப் புரிகிறது. புகழ வேண்டாம் என்று நினைத்தால் சும்மா இருக்கலாம்.

பெரியவர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. கவுண்டரில் நிற்கும்போது மன்னிப்பில் தொடங்காமல் காரியத்தில் தொடங்கலாம். 'வணக்கம், என் கணக்கைப் பார்க்க வந்தேன்' என்றால் போதும். புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்லலாம். இதை எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. செய்து பழகாதவருக்கு முதல் தடவை நாக்கு வறண்டுவிடும். துணைக்கு வரும் மகனோ மகளோ முந்திக்கொண்டு பேசாமல், அம்மா பேசி முடிக்கும் வரை பக்கத்தில் பொறுமையாக நின்றால் அதுவே பெரிய உதவி.

கடன் வாங்கிக் கட்டுகிற மதிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு பேர் மெச்ச வேண்டும் என்று மண்டபம் பிடித்து, ஆலோங்கிடம் வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் செய்து, பிறகு இரண்டு வருஷம் வாசல்மணி அடித்தால் பதறுகிற குடும்பங்களை எல்லோரும் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக மதிக்கப்படாதவர்கள் ஒரு நாளாவது மதிக்கப்பட ஆசைப்படுகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாள் முடிந்ததும் இருக்கிற மதிப்பையும் கடன்காரன் எடுத்துக்கொண்டு போகிறான்.

தனியாக ஒருவர் தன்னையே தூக்கி நிறுத்திக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. நம் வரலாறும் அப்படிச் சொல்லவில்லை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார். அதை லயங்களில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். சாதி பார்த்து லயம் பிரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, துரை நம்மை நடத்துவதைப் போலத்தான் நாமும் நம்மில் சிலரை நடத்துகிறோம் என்பதை பெரியாரின் சுயமரியாதை இயக்கம்தான் எடுத்துச் சொன்னது. 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்களும் போனார்கள். போருக்குப் பிறகு பி. பி. நாராயணன் போன்றவர்கள் சங்கங்களைக் கட்டினார்கள். தனித்தனியே இருந்த சங்கங்கள் 1954-இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றாயின. அந்த நாராயணன் 1975-இல் உலகத் தொழிற்சங்கச் சம்மேளனம் ஒன்றுக்கே தலைவரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், பால் வெட்டுகிறவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். பங்குப் பத்திரத்தில் தன் பெயரைப் பார்த்த ஒரு தொழிலாளிக்கு ஊக்கமூட்டும் முகாம் தேவைப்பட்டிருக்காது.

இன்று அப்படிப்பட்ட கூட்டம் நமக்குக் குறைந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்தபோது கோயில் திருவிழாவையும் தமிழ்ப்பள்ளியையும் எப்படியோ கூட்டி வந்தோம். பெரட்டுக்களத்தில் பக்கத்தில் நின்றவர்களை விட்டுவிட்டோம். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே தாழ்ந்து போகிறோம். ஒரு வாசிப்புக் குழுவோ, பெண்கள் சேமிப்புக் குழுவோ, சனிக்கிழமைப் பாடமோ, எதுவாக இருந்தாலும் வாரம் ஒருமுறை நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'போன வாரம் ஏன் வரல' என்று கேட்கிற இடம் ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

இன்னொரு விஷயம் என்னை மிகவும் தொந்தரவு செய்கிறது. நம் பாட்டன்மார் இருந்த லயங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். குலை வெட்டுவது அவர்கள், தோட்டத்தில் மருந்தடிப்பது அவர்கள், டவுனில் நமக்கு ரொட்டி சானாய் போட்டுத் தருவதும் அவர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதே சட்டம். கூலியில் சமம் என்பதைச் சட்டம் எழுதிவிட்டது. நம் வாய் இன்னும் எழுதவில்லை. அவர்களைக் கூப்பிடுகிற விதத்தைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. "டேய் பங்களா" என்று கூப்பிடுபவர் பெரும்பாலும் நம் ஆள். பக்கத்தில் அவர் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் தெருமுனைக் கடையில் வேலை செய்கிறவரிடம் என்னிடம் படிக்கிற ஒரு சிறுமி போன மாதம் பெயர் கேட்டாள். அவர் சொன்னார். பிறகு அவளுடைய பெயரைக் கேட்டுக்கொண்டார். ஊரில் அவருக்கு அவள் வயசில் ஒரு மகள் இருக்கிறாளாம், ஐந்தாம் வகுப்பு. மறுநாள் அவள் கடைக்குள் நுழைந்ததும் பெயரைச் சொல்லி, பாய் என்று சேர்த்துக் கூப்பிட்டாள். அதைக் கேட்டு மேசைகளில் இருந்த சிலரும் அப்படியே கூப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய மாதிரியே கூப்பிடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.